பெட்டியோடு வரும் மூட்டைப்பூச்சி: பண்டிகை லீவுக்கு முன்பே தெரிந்துகொள்ள வேண்டியது

பண்டிகை லீவு முடிந்து, வந்தவர்கள் எல்லோரும் ஊர் திரும்பி, ஒன்றரை மாதமோ இரண்டு மாதமோ ஆன பிறகுதான் பல வீடுகளில் இந்தப் பேச்சு ஆரம்பிக்கிறது. காலையில் எழுந்தால் முழங்கையில் வரிசையாக மூன்று நான்கு தடிப்பு, அரிப்பு தாங்கவில்லை. கொசு என்று நினைத்து கொசு லிக்விடை மாற்றுவார்கள், உடம்புச் சூடு என்று இளநீர் குடிப்பார்கள், சோப்பு ஒத்துக்கொள்ளவில்லை என்று சோப்பையும் மாற்றிப் பார்ப்பார்கள். கடைசியில் யாராவது மெத்தையைத் தூக்கிப் பார்த்து மூட்டைப்பூச்சி என்று கண்டுபிடித்ததும் அடுத்த கேள்வி வரும்: யார் கொண்டுவந்தது?

அந்தக் கேள்வியால் முகம் கொடுத்துப் பேசாமல் போன சொந்தங்களை எனக்குத் தெரியும். இந்தப் பூச்சியைப் பற்றி நாம் சாதாரணமாகச் சொல்லிக்கொள்வதில் பாதி தப்பு. "அவங்க வீடு சுத்தமா இருக்காது, அதான்" என்பார்கள். "பேன் மாதிரி ஆள் மேலயே ஒட்டிக்கிட்டு வரும்" என்பார்கள். "ஒரு ஸ்ப்ரே அடிச்சா போயிடும்" என்பது எல்லாவற்றையும் விட மோசமான தப்பு, அதற்குக் கடைசியில் வருகிறேன். இது எப்படி ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் போகிறது என்பது புரிந்துவிட்டால் தடுப்பது பெரிய காரியமில்லை, யார் மனதையும் நோகடிக்கவும் வேண்டாம்.

## நாயுருவி ஒட்டிக்கொண்டு வருவது போல

ஊர்ப்பக்கம் வரப்பில் நடந்து வந்தால் வேட்டி ஓரத்திலும் சேலைக் கரையிலும் நாயுருவி விதை ஒட்டிக்கொண்டு வரும். வேட்டி வெளுத்ததா, புதுசா, விலை உயர்ந்ததா என்று அது பார்ப்பதில்லை. வழியில் செடி இருந்தது, துணி உரசியது, அவ்வளவுதான். வாசலிலேயே உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் போட்டால் அங்கேயே முடிந்தது. கவனிக்காமல் கொல்லையில் துணியை உதறினால் அடுத்த மழைக்கு அங்கே முளைத்து நிற்கும்.

மூட்டைப்பூச்சியும் ஏறக்குறைய இப்படித்தான் வருகிறது. ஆளின் சுத்தத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அவர் எந்த வழியாக வந்தார், பெட்டியை எங்கே வைத்திருந்தார் என்பதுதான் விஷயம். 2023 செப்டம்பர், அக்டோபரில் பாரீஸ் நகரமே மூட்டைப்பூச்சிப் பீதியில் இருந்தது நினைவிருக்கலாம். அதற்குச் சில மாதம் முன்பு வெளியான பிரெஞ்சு அரசு நிறுவனம் ஒன்றின் அறிக்கை, 2017க்கும் 2022க்கும் இடையில் அந்த நாட்டில் 11 சதவீத வீடுகளில் மூட்டைப்பூச்சி வந்து போயிருக்கிறது என்றது. பணக்கார வீடு, ஏழை வீடு என்ற வித்தியாசமே பெரிதாக இல்லை.

ஆனால் விதைக்கும் பூச்சிக்கும் ஒரு முக்கியமான வேறுபாடு உண்டு. விதை தற்செயலாக ஒட்டுகிறது. பூச்சி தேடிப்போய் ஏறுகிறது.

## அது எதைத் தேடுகிறது

நம்ம ஊர்களில் பெரும்பாலும் இருப்பது வெப்பமண்டல மூட்டைப்பூச்சி என்ற இனம். குளிர் நாடுகளில் உள்ள இனத்துக்கு நெருங்கிய சொந்தம், வெறும் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். வளர்ந்த பூச்சி சுமார் 5 மில்லிமீட்டர் நீளம், செம்பழுப்பு நிறம், பசியோடு இருக்கும்போது தட்டையாக இருக்கும். பறக்கத் தெரியாது, குதிக்கத் தெரியாது, நடக்க மட்டும்தான் தெரியும். ரத்தத்தைத் தவிர வேறு எதையும் தின்னாது. சிந்திய சோறு, குப்பை, எண்ணெய்ப் பிசுக்கு எதுவும் அதற்கு வேண்டாம்; அதனால்தான் கண்ணாடி மாதிரி துடைத்து வைத்த வீட்டிலும் அது சௌகரியமாக வாழ்கிறது.

ராத்திரி நாம் தூங்கும்போது விடும் மூச்சில் உள்ள கரியமில வாயு, உடம்புச் சூடு, உடம்பு வாசனை, இந்த மூன்றையும் பிடித்துக்கொண்டு வரும். ஐந்து பத்து நிமிடம் குடிக்கும். வயிறு நிறைந்ததும் இறங்கி நடந்து போய்விடும், நம் மேல் தங்காது. இங்கேதான் பேனிலிருந்து வேறுபடுகிறது. பேன் தலையிலேயே குடியிருக்கும், தலையை விட்டு இறங்கினால் ஓரிரு நாளில் செத்துவிடும். மூட்டைப்பூச்சி தன் வாழ்நாளில் பெரும்பகுதியை நம் உடம்புக்கு வெளியே, நமக்குப் பக்கத்தில், ஒரு சந்துக்குள் கழிக்கிறது. அப்படி அது பகல் முழுக்க அடைந்து கிடக்கும் சந்துக்கு ஒளிவிடம் என்று பெயர் வைத்துக்கொள்வோம். விசிட்டிங் கார்டு நுழையும் அளவு இடைவெளி இருந்தால் போதும், அது ஒளிவிடம் ஆகிவிடும். ஒரு பூச்சி தங்கிய இடத்தில் அதன் வாசனை நிற்கும். அந்த வாசனையைப் பிடித்துக்கொண்டு மற்றவையும் அங்கேயே வந்து சேரும்.

இப்போது ஒரு லாட்ஜ் அறையை நினைத்துப் பாருங்கள். கட்டிலுக்குப் பக்கத்தில், இல்லையென்றால் கட்டில் மேலேயே, உங்கள் பெட்டி திறந்து கிடக்கிறது. ஜிப்புக்கு மேல் மடிந்த துணிப்பட்டை, உள்லைனிங் தையல், சக்கரத்தைச் சுற்றிய பிளாஸ்டிக் கூடு என்று எல்லாமே அதற்கு ஒளிவிடம். உள்ளே நேற்றுப் போட்டுக் கழற்றிய சட்டை வேறு இருக்கிறது. இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் பல்கலைக்கழகத்தில் 2017இல் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். துவைத்த துணி உள்ள பைகளையும், ஆள் போட்டுக் கழற்றிய துணி உள்ள பைகளையும் ஒரே அறையில் வைத்து மூட்டைப்பூச்சிகளை விட்டார்கள். அழுக்குத் துணிப் பைகளில் இரண்டு மடங்கு பூச்சி போய்ச் சேர்ந்தது. ஆள் இல்லாதபோது அந்தத் துணிதான் அதற்கு ஆள்.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துச் சொன்னால்: மூட்டைப்பூச்சி ஆளோடு வருவதை விட ஆளின் பெட்டியோடும் பையோடும்தான் வருகிறது, அதிலும் போட்டுக் கழற்றிய துணி இருக்கும் பை அதற்கு ரொம்பப் பிடிக்கும், வீடு சுத்தமா இல்லையா என்பது அதன் கணக்கிலேயே இல்லை.

## எங்கிருந்து ஏறும்

லாட்ஜ், ஹோட்டல் என்றதும் எல்லோருக்கும் புரியும். ஆனால் நம் பழக்கத்தில் அதை விட அதிகம் பார்க்க வேண்டியது ஹாஸ்டல். காலேஜ் ஹாஸ்டலில் இருந்தும் மேன்ஷனில் இருந்தும் தீபாவளிக்கு வீட்டுக்கு வரும் பிள்ளைகள் ஒரு பெரிய பை நிறைய அழுக்குத் துணியைக் கட்டிக்கொண்டு வருவார்கள், அம்மா அதை வாங்கி நேராகக் கட்டில் மேல் வைப்பார். பூச்சிக்கு இதைவிட வசதியான ஏற்பாடு கிடையாது. ஸ்லீப்பர் பஸ்ஸின் ரெக்சின் படுக்கை, ரயில் பெர்த், பழைய சினிமா தியேட்டர் சீட்டு, ஆஸ்பத்திரியில் நோயாளிக்குத் துணையாக இருப்பவர்கள் படுக்கும் பெஞ்சு, கல்யாண மண்டபத்தில் வாடகைக்கு வரும் மெத்தைகள், செகண்ட் ஹேண்டில் வாங்கிய கட்டில், சோபா இவையெல்லாம் சாத்தியமான இடங்கள். இதில் எதையும் தவிர்த்து வாழ முடியாது, தவிர்க்கச் சொல்லவும் இல்லை. அடுத்த படியில்தான் நம் கை ஓங்கியிருக்கிறது: ஏறியது இறங்காமல் பார்த்துக்கொள்வது.

## ஏன் உடனே தெரிவதில்லை

கருவுற்ற பெண் பூச்சி ஒன்று போதும். நன்றாக ரத்தம் கிடைத்தால் ஒரு நாளைக்கு 1 முதல் 5 முட்டை வரை இடும், வாழ்நாளில் 200க்கு மேல் போகும். முட்டை சுமார் 1 மில்லிமீட்டர், வெள்ளை நிறம், மரத்திலும் துணியிலும் பசை போட்டு ஒட்டியிருக்கும், உதறினால் விழாது. நம்ம ஊர்ச் சூட்டில் 6 முதல் 10 நாளில் பொரியும். வெளியே வரும் குட்டிக்கு இளம்பூச்சி என்று பெயர். அது ஐந்து முறை சட்டை உரித்துத்தான் பெரிதாகும், ஒவ்வொரு முறை உரிப்பதற்கும் முன் ஒரு தடவை வயிறு நிறையக் குடிக்க வேண்டும். எல்லாம் ஒழுங்காக நடந்தால் முட்டையிலிருந்து வளர்ந்த பூச்சி ஆக ஐந்தாறு வாரம்.

இப்போது அந்த இரண்டு மாதக் கணக்கு புரியும். வந்து இறங்கிய நாளில் இருந்தது ஒன்றோ இரண்டோ. வாரத்துக்கு ஒன்றிரண்டு கடிதான், கவனிக்க மாட்டோம். முதல் தலைமுறை வளர்ந்து அதுவும் முட்டை போட ஆரம்பிக்கும்போதுதான் கடி தினசரி ஆகிறது. அதற்குள் கட்டில் சட்டம், சுவிட்ச் பாக்ஸ், சுவர்க் காலண்டர் பின்பக்கம் எல்லாம் ஒளிவிடம் ஆகியிருக்கும்.

இன்னொரு குழப்பமும் உண்டு. கடிக்கும்போது வலிக்காது. சிலருக்கு அடுத்த நாள் தடிக்கும், சிலருக்கு ஒரு வாரம் கழித்துத் தடிக்கும், சிலருக்குத் தடிப்பதே இல்லை. ஒரே மெத்தையில் படுக்கும் கணவனுக்கு ஒன்றும் இல்லை, மனைவிக்கு மட்டும் கை முழுக்கத் தடிப்பு என்றால், "உனக்குத்தான் அலர்ஜி" என்று சொல்லி ஒதுக்கிவிடுவார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள், மெத்தையைத் தூக்கிப் பாருங்கள். தடிப்பை மட்டும் வைத்து டாக்டராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. கொசு, சொறிசிரங்கு எல்லாம் அதே மாதிரி இருக்கும். தடயத்தைக் கண்ணால் பார்த்தால்தான் உறுதி. ஒரு ஆறுதல், மூட்டைப்பூச்சிக் கடியால் மனிதர்களுக்கு நோய் தொற்றுவதாக இதுவரை நிரூபணம் ஆகவில்லை. ஆனால் தூக்கம் கெடும், சொறிந்து புண்ணாகும், வீட்டுக்குள் நிம்மதி போகும். அது சின்ன விஷயமில்லை.

## தடயம் எப்படி இருக்கும்

என் பெரியம்மா வீட்டில் ஒரு பழைய தேக்குக் கட்டில் உண்டு. பக்கச் சட்டம் காலோடு சேரும் இடத்தில் ஒரு மெல்லிய இடைவெளி. போன் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் அந்த இடைவெளியின் உதட்டில் பேனா மையால் குத்திக் குத்தி வைத்த மாதிரி கறுப்புப் புள்ளிகள், நாற்பது ஐம்பது இருக்கும். ஈரத் துணியால் ஒன்றைத் தேய்த்ததும் அது பழுப்பாகக் கசிந்து பரவியது. அது பூச்சியின் எச்சம், செரித்த ரத்தம். பழைய டெலிபோன் கார்டு ஒன்றை இடைவெளியில் விட்டு மெதுவாக இழுத்தபோது வைக்கோல் நிறத்தில் காலியான தோல்கள் நாலைந்து வெளியே வந்தன, கால்கள் உட்படப் பூச்சியின் முழு வடிவம், உள்ளே ஒன்றுமில்லை. இளம்பூச்சி உரித்த சட்டைகள். கடைசியாகத்தான் உயிரோடு ஒன்று வந்தது, வெளிச்சம் பட்டதும் அவசரம் இல்லாமல் திரும்பி உள்ளே போகப் பார்த்தது.

ஆக நீங்கள் தேட வேண்டியது பூச்சியை அல்ல, கறுப்புப் புள்ளியையும் உரித்த தோலையும்தான். அவை ஓடி ஒளியாது. மெத்தையின் ஓரத்தில் உருண்டையாகத் தைத்திருக்கும் பைப்பிங்கை விரலால் விரித்துப் பாருங்கள். இலவம் பஞ்சு மெத்தை என்றால் நடுவில் நூலால் இழுத்துக் கட்டியிருக்கும் குழிகள். கோரைப் பாய் என்றால் ஓரத்தில் துணி வைத்துத் தைத்த கரை. நார்க்கட்டில் என்றால் சொல்லவே வேண்டாம், ஒவ்வொரு முடிச்சும்.

## பெட்டி வீட்டுக்குள் வரும்போது

இதுதான் இந்தக் கட்டுரையின் முக்கியமான பகுதி.

பெட்டிக்கு என்று வீட்டில் ஒரு இடம் வையுங்கள். பால்கனி, வராண்டா, ஹாலில் டைல்ஸ் தரையில் ஒரு மூலை, எதுவாகவும் இருக்கலாம், கட்டிலிலிருந்தும் சோபாவிலிருந்தும் தள்ளி இருந்தால் சரி. வெளிர் நிறத் தரை என்றால் இன்னும் நல்லது, ஏதாவது ஊர்ந்தால் தெரியும். பெட்டி கட்டில் மேல் ஏறவே கூடாது, கட்டிலுக்கு அடியிலும் போகக் கூடாது. இந்த ஒரு பழக்கம் மட்டும் இருந்தாலே பெரும்பாலான வாய்ப்பு அடிபட்டுப் போகும், ஏனென்றால் நடக்க மட்டுமே தெரிந்த பூச்சி, தூங்கும் ஆள் பக்கத்தில் இருந்தால்தான் இறங்கி வரும்.

விருந்தாளியிடம் இதை எப்படிச் சொல்வது? சொல்லவே வேண்டாம். அத்தை வாசலில் செருப்பைக் கழற்றும்போதே பெட்டியை நாம் வாங்கி அந்த இடத்தில் வைத்துவிட்டு, "வாங்க அத்தை, பெட்டி இங்க இருக்கட்டும், துவைக்க வேண்டியது இருந்தா எடுத்துக் குடுங்க, மெஷின்ல போட்டுடறேன்" என்றால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள், சந்தோஷம்தான் படுவார்கள். அழுக்குத் துணியை ஒரு பாலிதீன் பையில் வாங்கி வாயைக் கட்டி நேராக மெஷினுக்குக் கொண்டு போய்விடலாம். அந்தப் பையையும் கட்டியபடியே வெளிக் குப்பையில் போட்டுவிடுங்கள்.

ஊர் சுற்றிவிட்டு நாமே திரும்பி வரும்போதும் இதே விதிதான். என்னைக் கேட்டால் விருந்தாளியை விட நாம்தான் அதிகம் கொண்டுவருகிறோம், நம் பெட்டியை நாம் சந்தேகப்படுவதில்லை என்பதால். லாட்ஜ் அறைக்குள் போனதும் பெட்டியை முதலில் பாத்ரூம் வாசல் டைல்ஸில் வைத்துவிட்டு, படுக்கை விரிப்பின் தலைமாட்டு மூலையைத் தூக்கி, டார்ச் அடித்து அந்தக் கறுப்புப் புள்ளியைத் தேடுங்கள், இரண்டு நிமிட வேலை. இருந்தால் அறையை மாற்றிக் கேளுங்கள், அடுத்தடுத்த அறை வேண்டாம், தள்ளி உள்ள அறை. தங்கும் நாட்களில் பெட்டியை மூடியே வையுங்கள், போட்டுக் கழற்றிய துணியைக் கட்டிய பையில் வையுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் காலிப் பெட்டியை வெளியில் வைத்து ஜிப்பின் மடிப்பு, உள் மூலைகள், கைப்பிடி இறங்கும் குழி, சக்கரக் கூடு ஆகியவற்றை ஒரு முறை பார்த்துவிட்டு, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தையலைத் தேய்த்து வேக்வம் கிளீனர் இருந்தால் இழுத்துவிடுங்கள். பிறகு பெட்டியை ஒரு பெரிய பாலிதீன் உறைக்குள் போட்டுக் கட்டி பரணில் வைக்கலாம்.

வெளிநாட்டு வீடியோக்களில் கட்டில் காலுக்கு அடியில் வழவழப்பான பிளாஸ்டிக் கிண்ணம் வைக்கச் சொல்வார்கள், பூச்சி உள்ளே விழுந்தால் ஏற முடியாது என்று. அந்த ஊர் இனத்துக்கு அது சரி. நம்ம ஊர் வெப்பமண்டல இனத்தின் காலில் ஒட்டிப் பிடிக்கும் மயிர்கள் அதிகம், வழவழப்பான சுவரிலும் அது நன்றாக ஏறிவிடும் என்று சோதனைகளில் தெரிந்திருக்கிறது. அந்தக் கிண்ணத்தில் ஒன்றும் விழவில்லை என்பதற்காகப் பூச்சி இல்லை என்று முடிவு கட்டாதீர்கள்.

சுருக்கமாக: பெட்டிக்குத் தனி இடம், அழுக்குத் துணிக்குக் கட்டிய பை, காலிப் பெட்டியை ஒரு முறை பார்த்தல்.

## பூச்சியைக் கொல்வது சூடு

மருந்து கடைக்குப் போவதற்கு முன் இதைப் புரிந்துகொள்ள வேண்டும். 45 டிகிரி செல்சியஸில் வளர்ந்த பூச்சி சுமார் ஒன்றரை மணி நேரத்தில் சாகும், முட்டையோ அதே சூட்டில் 7 மணி நேரம் வரை தாக்குப்பிடிக்கும். 55 டிகிரியைத் தாண்டிவிட்டால் முட்டை உட்பட எதுவும் பிழைக்காது.

அதனால் துணியை 60 டிகிரி தண்ணீரில் துவைத்தால் எல்லாம் தீர்ந்தது. சூடேற்றும் வசதி இல்லாத மெஷின் என்றால், தாங்கக்கூடிய துணிகளைப் பக்கெட்டில் போட்டு அடுப்பில் காய்ச்சிய வெந்நீரை ஊற்றி மூடி வைத்துவிட்டு அப்புறம் மெஷினில் போடலாம். பச்சைத் தண்ணீரில் ஒரு நாள் முழுக்க ஊறினால் பூச்சி சாகும், முட்டை சாகாது. இஸ்திரிப் பெட்டியும் நல்ல ஆயுதம். மடிப்பு, காலர், பேண்ட் இடுப்புப் பட்டை, தையல் ஓரங்களில் நிதானமாக ஓட்ட வேண்டும்.

வெயிலில் போடுவது பாட்டி காலத்து வழி, நியாயமான வழி, ஆனால் ஒரு நிபந்தனை. மெத்தையை மொட்டை மாடியில் விரித்துப் போட்டால் மேல்பக்கம் சுடும், பூச்சி சும்மா இருக்காது, அடிப்பக்கத்துக்கு நடந்து போய்விடும். சின்னச் சின்னத் துணி, பை, பொம்மை போன்றவற்றைக் கறுப்புப் பாலிதீன் பையில் தளர்வாகப் போட்டு இறுகக் கட்டி, சித்திரை வைகாசி வெயிலில் கான்கிரீட் தரையில் நாள் முழுக்கப் போட்டால் உள்ளே தேவையான சூடு கிடைக்கும். தீபாவளி சமயத்தில் நமக்கு வடகிழக்குப் பருவமழை, பொங்கல் வெயிலில் சுறுசுறுப்பு கிடையாது. அந்த இரண்டு பண்டிகைக்கும் வெயிலை நம்பாமல் வெந்நீரையும் இஸ்திரியையும் நம்புங்கள். துவைக்க முடியாத சின்னப் பொருள் என்றால் கவரில் கட்டி, மைனஸ் 18 டிகிரி வரை போகும் ஃப்ரீசரில் நான்கு நாள் வைத்தாலும் சரிதான்.

## ஸ்ப்ரே ஏன் உதவுவதில்லை

1940களில் டிடிடி வந்தபோது மூட்டைப்பூச்சி ஒழிந்தது என்றே உலகம் நினைத்தது. 1947லேயே ஹவாயில் ராணுவக் குடியிருப்புகளில் டிடிடி அடித்தும் சாகாத மூட்டைப்பூச்சிகளைப் பார்த்துவிட்டார்கள். மருந்தில் தப்பிப் பிழைத்த சில பூச்சிகள் அந்தத் தாங்கும் குணத்தைக் குட்டிகளுக்குக் கொடுக்க, போகப் போக மொத்தக் கூட்டமும் மருந்துக்குப் பழகிவிடுவதை எதிர்ப்புத்திறன் என்பார்கள். இன்று கடையில் கிடைக்கும் கரப்பான், கொசு ஸ்ப்ரேக்களில் பெரும்பாலும் இருப்பது பைரித்ராய்டு என்ற வகை. உலகம் முழுக்க மூட்டைப்பூச்சிகள் அதற்கும் எதிர்ப்புத்திறன் பெற்றுவிட்டன. ஸ்ப்ரே அடித்ததும் நேராகப் பட்ட நாலு பூச்சி செத்து விழும், நமக்குத் திருப்தியாக இருக்கும், சந்துக்குள் இருப்பவை அப்படியே இருக்கும் அல்லது அடுத்த அறைக்குக் கிளம்பிவிடும். அறை முழுக்கப் புகை பரப்பும் டப்பாக்களும் இப்படித்தான். புகை சந்துக்குள் இறங்குவதில்லை.

இதைவிட எனக்குக் கவலை தருவது வேறு. நெல் மூட்டைக்கு வைக்கும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையை மூட்டைப்பூச்சிக்கும் எலிக்கும் படுக்கையறையில் வைக்கும் பழக்கம் நம் ஊரில் இருக்கிறது. ஈரம் பட்டால் அதிலிருந்து பாஸ்பீன் என்ற விஷவாயு வரும். அறைக் கதவைச் சாத்தினாலும் சந்து வழியாகப் பக்கத்து அறைக்கும் பக்கத்து வீட்டுக்கும் போகும். அதில் குழந்தைகள் செத்திருக்கிறார்கள். எந்தக் காரணத்துக்காகவும், யார் சொன்னாலும், அதை வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். மண்ணெண்ணெய், பெட்ரோல் ஊற்றுவது தீப்பிடிக்க வழி. அந்துருண்டையை மெத்தைக்கு அடியில் பரப்புவதால் பூச்சி சாகாது, கைக்குழந்தை உள்ள வீட்டில் அதன் வாசனையே ஆபத்து. வேப்பிலை போடுவதால் கெடுதல் இல்லை, அதை மட்டும் நம்பினால்தான் கெடுதல்.

பெருகிவிட்டது என்று தெரிந்தால் பூச்சி மருந்து அடிக்கும் உரிமம் உள்ளவர்களைக் கூப்பிடுங்கள். ஒரு தடவை அடித்துவிட்டு முடிந்தது என்று சொல்பவரை நம்ப வேண்டாம். மருந்தில் முட்டை தப்பும், பொரிந்து வந்ததைப் பிடிக்க இரண்டு வாரம் கழித்து மறுபடி வர வேண்டும்.

## கூடவே வரும் மற்றவை

சமையலறையில் திரியும் சின்னக் கரப்பான், கழுத்துப் பட்டையில் இரண்டு கறுப்புக் கோடு போட்டது, ஜெர்மன் கரப்பான் என்று பெயர். பெயர் அப்படி இருந்தாலும் அது நம் பக்கத்துப் பூச்சிதான். ஏறக்குறைய 2,100 ஆண்டுகளுக்கு முன் இந்தியா அல்லது மியான்மர் பகுதியில் ஆசியக் கரப்பானிலிருந்து பிரிந்து உருவானது என்று 2024இல் மரபணு ஆய்வு சொன்னது. இது துணிப் பெட்டியில் வருவதை விட அட்டைப்பெட்டியில்தான் வரும். பெண் கரப்பான் 30, 40 முட்டைகள் கொண்ட ஒரு கூட்டைப் பொரியும் நேரம் வரை வாலோடு சுமந்துகொண்டு திரியும், ஆகவே ஒரே ஒன்று வந்தாலும் ஒரு குடும்பம் வந்த கணக்கு. ஊரிலிருந்து வரும் பலகாரம், மாம்பழம், சாமான் அட்டைப்பெட்டியை வாசலிலேயே பிரித்துப் பொருளை மட்டும் உள்ளே எடுங்கள், பெட்டியைச் சேர்த்து வைக்காதீர்கள். வந்துவிட்டால் ஸ்ப்ரேயை விட ஜெல் மருந்து நன்றாக வேலை செய்யும்.

ஊர் அரிசி, துவரை, பாசிப்பயறு கொண்டு வந்தால் வண்டு முட்டை தானியத்துக்குள்ளேயே இருக்கலாம், கண்ணுக்குத் தெரியாது. பழைய டப்பாவில் இருக்கும் சாமானோடு கலக்காமல் தனி டப்பாவில் வைத்தாலே போதும். விருந்தாளி நாயோடு வந்தால் காது மடலிலும் கால் விரலிடுக்கிலும் உண்ணி பார்த்துக்கொள்ளுங்கள்.

## அவர்கள் கிளம்பிய பிறகு

படுத்த விரிப்பு, போர்வை, தலையணை உறை எல்லாவற்றையும் அன்றே வெந்நீரில் போடுங்கள். ஜமுக்காளத்தையும் பாயையும் மடித்து உள்ளே வைப்பதற்கு முன் ஓரங்களைப் பாருங்கள். இரண்டு வாரம் கழித்து ஒரு முறை, ஒன்றரை மாதம் கழித்து ஒரு முறை டார்ச்சோடு மெத்தை ஓரத்தைப் பாருங்கள். இந்தத் தேதிகள் சும்மா சொல்வதல்ல. முதலாவது முட்டை பொரியும் கணக்கு, இரண்டாவது அது வளர்ந்து முடியும் கணக்கு. முதல் முறையிலேயே கண்டுபிடித்துவிட்டால் ஒரு கட்டிலோடு வேலை முடியும்.

கண்டுபிடித்தால் உடனே, வந்து தங்கியவர்களுக்குப் போன் செய்து சொல்லுங்கள். "எங்க வீட்ல மூட்டைப்பூச்சி பாத்தோம், எங்கிருந்து வந்துதுன்னு தெரியல, உங்க பெட்டியையும் மெத்தையையும் ஒரு தடவ பாத்துருங்க" என்று. அவர்கள் கொண்டுவந்திருக்கலாம், நம் வீட்டிலிருந்து அவர்கள் பெட்டியில் ஏறிப் போயிருக்கவும் கூடும். அதேபோல நம் வீட்டில் இருக்கிறது என்று தெரிந்தே ஒருவர் வீட்டில் போய்த் தங்க வேண்டி வந்தால், முன்கூட்டியே சொல்லிவிட்டு, வெந்நீரில் துவைத்த துணியைப் புதுப் பையில் எடுத்துப் போங்கள். வெட்கப்பட்டு மறைத்தால் அடுத்த பண்டிகைக்குள் நாலு வீட்டுக்குப் போயிருக்கும்.